பாதைக்குக் காசில்லை, படுக்கைக்கு உண்டு: மோவாப் ஊரின் வரவு செலவு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துத் தென்கிழக்கு மூலையில், கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கிறது மோவாப். தமிழ் விவிலியம் வாசித்தவர்களுக்குப் பழகிய பெயர்தான். 2020 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 5,366. நம் ஊர்ப் பேரூராட்சிகள் பலவற்றைவிடச் சிறியது. ஊரிலிருந்து 8 கி.மீ. வடக்கே ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவின் வாசல். 2021ல் அந்த ஒரு வாசல் வழியாக உள்ளே போனவர்கள் 18 லட்சம் பேர்.

விவசாயமும் சுரங்கமும் ஓய்ந்த கிராமப்புற ஊர்களைச் சைக்கிள் பாதையும் படகுச் சவாரியும் தூக்கி நிறுத்திவிடும் என்று சொல்பவர்கள் முதலில் காட்டுவது மோவாப்பை. எங்கள் ஊர் அப்படி ஆகிவிட வேண்டாம் என்று கும்பிடு போடுபவர்கள் காட்டுவதும் மோவாப்பைத்தான். இரண்டு பேரும் பாறையைப் பற்றியும் பாதையைப் பற்றியும் பேசுகிறார்கள். நகராட்சியின் வரவு செலவைப் புரட்டினால் பாறையும் பாதையும் பின்னுக்குப் போய்விடும். ராத்திரிக்கு எத்தனை பேர், எங்கே படுக்கிறார்கள் என்பதுதான் இந்த ஊரின் பிழைப்பு. அதன் தலைவலியும் அதுவே.

முதலில் நிலம். மோவாப் பள்ளத்தாக்கை ஆறு அறுத்து உண்டாக்கவில்லை. கிட்டத்தட்ட 30 கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிய கடலின் உப்புப் படிவு அடியில் கிடந்தது. மேலே படிந்த பாறையின் பாரம் தாங்காமல் அந்த உப்பு புற்றுபோல மேலே புடைத்தது. நிலத்தடி நீர் பட்டுக் கரைந்ததும் கூரை உட்கார்ந்தது. அதனால்தான் கொலராடோ ஆறு பள்ளத்தாக்கின் நீளவாக்கில் ஓடாமல் ஒரு சுவரைப் பிளந்து வந்து குறுக்கே கடந்து எதிர்ச் சுவருக்குள் புகுந்துவிடுகிறது. பார்க்க வினோதம். வாழ்வதற்கோ அது ஒரு பெட்டி: இரண்டு பக்கமும் செங்குத்துச் செம்பாறை, நடுவில் இரண்டு மூன்று கி.மீ. அகலத்துக்குச் சமதளம், தெற்கே ஸ்பானிஷ் வேலி என்ற நீட்சி, அதற்கப்பால் 3,800 மீட்டரைத் தாண்டும் லா சால் மலை. ஊரின் குடிநீர் அந்த மலையில் உருகும் பனி.

ஊர் இருக்கும் கிராண்ட் கவுன்டியில் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) தனியார் கையில் உள்ள நிலம் நூற்றில் ஐந்து பங்குகூட இல்லை. பெரும்பகுதி மத்திய அரசுடையது. அதிலும் பெரும்பகுதி நில நிர்வாகப் பணியகத்திடம், அதாவது எல்லோரும் பி.எல்.எம். என்று சொல்லும் துறையிடம் இருக்கிறது. மீதியில் பூங்கா, வனத்துறை, மாநில அறக்கட்டளை நிலம். பொதுநிலம் இவ்வளவு பரந்து கிடப்பதால்தான் யார் வேண்டுமானாலும் வந்து சைக்கிள் ஓட்டலாம், பாறை ஏறலாம். வீடு கட்ட மனை கிடைக்காததற்கும் அதே காரணம்தான். மத்திய அரசு நிலத்துக்குச் சொத்துவரி கிடையாது. அதற்கு ஈடாக ஆண்டுதோறும் ஒரு தொகை வருகிறது, சொத்துவரி தந்திருக்கக்கூடிய அளவுக்கு இல்லை.

மோவாப்புக்கு இது முதல் செழிப்பு அல்ல. 1952ல் சார்லி ஸ்டீன் என்ற நிலவியலாளர் தென்கிழக்கே லிஸ்பன் பள்ளத்தாக்கில் யுரேனியத்தைக் கண்டுபிடித்தார். அணு ஆயுதப் போட்டி உச்சத்தில் இருந்த காலம். மத்திய அரசே விலை நிர்ணயித்து வாங்கியது. 1956ல் ஆற்றங்கரையில் யுரேனிய ஆலை வந்தது. 1950ல் 1,274 பேர் இருந்த ஊரில் 1960ல் 4,682 பேர். 1984ல் ஆலை நின்றது. 1980ல் 5,333 ஆக இருந்த மக்கள்தொகை 1990ல் 3,971. நான்கில் ஒரு பங்கு ஜனம் ஊரைவிட்டுப் போய்விட்டது. அந்த இக்கட்டில் ஊர் எதற்கெல்லாம் தயாராக இருந்தது என்பதற்கு ஓர் உதாரணம்: பக்கத்தில் நச்சுக் கழிவை எரிக்கும் ஆலை கட்டலாம் என்ற யோசனை 1988ல் வாக்கெடுப்பு வரை போனது. மக்கள் வேண்டாம் என்றார்கள்.

சைக்கிள் இந்த வெறுமையில்தான் வந்தது.

ஊருக்குக் கிழக்கே மேட்டில் இருக்கும் ஸ்லிக்ராக் பாதையை 1969ல் மோட்டார் சைக்கிள்காரர்களுக்காகக் குறித்தார்கள். வழுக்குப் பாறை என்று பெயர் வைத்தவர்கள் குதிரையில் வந்தவர்கள். இரும்பு லாடம் அதில் நிற்காது. ரப்பர் டயருக்கு அது உப்புத்தாள். மணற்குன்றுகள் அப்படியே இறுகிக் கல்லானது அந்தப் பாறை. சாதாரண மண்ணில் ஏறவே முடியாத சரிவில்கூட டயர் கவ்விப் பிடித்து நிற்கும். இறங்கும்போது உடம்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளாதவர் தலைகுப்புற விழுவார். தோண்டிய பாதை என்று ஒன்று கிடையாது; பாறைமேல் வெள்ளைப் பெயின்ட்டில் அடித்த கோடுகள்தான் வழி. கோட்டை விட்டு ஓரத்துக்குப் போனால் பாறை உருண்டு சரிந்து, எதிர்பாராத இடத்தில் வெட்டுப்பள்ளமாக முடியும். முழுச் சுற்று சுமார் 16 கி.மீ. சமதளத்தில் ஒரு மணி நேர வேலை, இங்கே மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். புதியவர்கள் ஏமாறுவது இந்தக் கிலோமீட்டர் கணக்கில்தான். ஒரு பாட்டில் தண்ணீரோடு புறப்பட்டு விடுவார்கள். இந்தப் பாலைவனத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வேண்டும் என்பது பொது விதி.

1983ல் குரோஃப் சகோதரர்கள் ஊரில் ரிம் சைக்கிளரி என்ற கடையைத் திறந்தார்கள். மலைச் சைக்கிள் என்ற பண்டமே அப்போதுதான் கடைக்கு வரத் தொடங்கியிருந்தது. சில ஆண்டுகளில் அமெரிக்காவின் சைக்கிள் பத்திரிகைகளில் மோவாப்பின் படம் வராத இதழ் அபூர்வம். இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதை, பாறை, ஆறு, 1929 முதல் பாதுகாக்கப்பட்டு 1971ல் தேசியப் பூங்காவான ஆர்ச்சஸ், 1964ல் அறிவிக்கப்பட்ட கேன்யன்லேண்ட்ஸ், 1967 முதல் நடந்துவரும் ஈஸ்டர் ஜீப் பயணம் எல்லாம் முன்பே இருந்தன. யுரேனியத்துக்காகப் போட்ட நூற்றுக்கணக்கான மைல் மண்சாலைகளும் இருந்தன. இன்றைய ஜீப் தடங்களில் கணிசமானவை அந்தக் காலத்துச் சாலைகளே. விற்கத் தெரிந்தவர்கள் வந்ததும் ஊர் எழுந்தது. இதே யோசனையில் இறங்கும் மற்ற ஊர்கள், கையில் ஒன்றுமே இல்லாமல் புதிதாகப் பாதை வெட்டி அதே பலனை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிக ஆசை.

புதிய பாதைகளும் வந்தன. 2000க்குப் பிறகு கவுன்டி அமைத்த டிரெயில் மிக்ஸ் என்ற குழு பி.எல்.எம். உடன் சேர்ந்து அந்த வேலையைச் செய்தது. பாதை வெட்டுவது என்றால் கடப்பாரை எடுத்துக்கொண்டு கிளம்புவது என்று நினைக்க வேண்டாம். முதலில் வரைபடத்தில் தடம். பிறகு பி.எல்.எம்.க்கு விண்ணப்பம். தொல்லியலாளர் தடத்தின் இருபுறமும் நடந்து பார்ப்பார். கழுகு கூடு கட்டும் பாறை, காட்டு ஆடு குட்டி போடும் இடம் இருக்கிறதா என்று வேறொருவர் பார்ப்பார். எங்காவது இருந்தால் தடம் விலகும், அல்லது சில மாதங்களுக்கு மூடிவைக்க வேண்டும். அனுமதி கைக்கு வர ஓரிரு ஆண்டு ஓடிவிடும். அதன்பின் கொடி நட்டு வெட்டுவார்கள்.

வெட்டுவதில் இரண்டு மூன்று விதிகள் உலகமெங்கும் ஒன்றுதான். பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. சரிவு 16 விழுக்காடு என்றால் பாதை 8க்குள். மொத்தச் சராசரி 10 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும். பாதையின் வெளி ஓரம் 5 விழுக்காடு தாழ்ந்திருக்க வேண்டும், தண்ணீர் குறுக்கே வழிந்து போவதற்கு. சிறு சிறு தூரத்துக்கு ஒருமுறை ஏற்றத்தை இறக்கமாக மாற்றிவிட வேண்டும். இதில் ஒன்றை விட்டாலும் மழைநீர் பாதையையே வாய்க்காலாக எடுத்துக்கொள்ளும்.

மோவாப்புக்கென்று கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பாறை இல்லாத இடத்தில் மண்மேல் கருத்த, கரடுமுரடான மேலோடு ஒன்று தெரியும். சயனோபாக்டீரியாவும் பாசியும் லைக்கனும் சேர்ந்து மணலைப் பின்னிப் பிடித்திருக்கும் உயிருள்ள தோல் அது. காற்றில் மணல் பறக்காமல் வைத்திருப்பது அதுதான். ஒரு கால் மிதித்தால் நொறுங்கும். திரும்ப வளரப் பல பத்தாண்டுகள். பாதையில் ஓரிடத்தில் மணல் ஆழமாகிவிட்டால் வருகிறவர் ஓரமாக ஒதுங்கிப் போவார். அடுத்தவர் அதற்கும் ஓரமாக. ஒரே வாரக் கடைசியில் பாதை ஜடை பிரிந்தது போல மூன்றாகிவிடும். பாதை பராமரிப்பவர்களின் வேலையில் பெரும்பகுதி, புதிதாக முளைத்த இந்தக் கிளைகளைக் காய்ந்த குச்சியும் கல்லும் போட்டு மறைப்பது. (போகட்டும், டயரைப் பஞ்சராக்கும் முள் எது என்று பார்த்தால் நம் நெருஞ்சி. அங்கே ஆட்டுத்தலை முள் என்கிறார்கள். ட்யூப் இல்லாத டயரில் அடைப்புத் திரவம் ஊற்றி ஓட்டுவது அதனால்தான்.)

இவ்வளவு வேலை செய்து உருவான பாதையில் ஓட்ட, பெரும்பாலான இடங்களில் ஒரு பைசா கட்ட வேண்டாம். அப்படியானால் ஊருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

வண்டி வாடகை, வழிகாட்டி, மேலே கொண்டுபோய் விடும் வேன் என்று கொஞ்சம். லா சால் மலையில் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் பர்ரோ கணவாயிலிருந்து ஆற்றங்கரையின் 1,200 மீட்டர் வரை இறங்கும் 'ஹோல் என்சிலாடா' தடத்துக்கு வேன் இல்லாமல் யாரும் போவதில்லை. அதிலும் ஒரு முரண்: மேலே பனி விலக ஜூன் கடைசி ஆகும், அதற்குள் கீழே வெயில் 38 டிகிரி. முழுத் தடமும் நல்லபடி இருப்பது இலையுதிர் காலத்தில் சில வாரங்கள்தான். ஆற்றில் படகு விடும் நிறுவனங்கள் பொதுநிலத்தில் வியாபாரம் செய்ய உரிமம் எடுத்து, வருமானத்தில் 3 விழுக்காட்டை பி.எல்.எம்.க்குக் கட்டுகின்றன. அந்தப் பணம் உள்ளாட்சிக்கு வராது.

உள்ளாட்சிக்கு வருவது விற்பனை வரியும், விடுதி அறை வாடகைமேல் போடும் அறை வரியும். இதில்தான் யூட்டா சட்டத்தின் நெளிவு சுளிவுகள் ஊரை ஒரு திசையில் தள்ளுகின்றன.

யூட்டாவில் உள்ளூருக்கென்று 1 விழுக்காடு விற்பனை வரி உண்டு. மோவாப் கடையில் ஒருவர் 100 டாலருக்குச் சாமான் வாங்கினால் 1 டாலர். அதில் 50 சென்ட் விற்ற ஊருக்கு. மீதி 50 சென்ட் மாநிலம் முழுவதற்குமான பொதுப் பானைக்குப் போய், மக்கள்தொகைப்படி பிரிக்கப்படும். 2020ல் யூட்டாவின் மக்கள்தொகை சுமார் 32.7 லட்சம்; அதில் மோவாப்பின் பங்கு ஆயிரத்தில் இரண்டுகூடத் தேறாது. ஊரில் குப்பை போடுவதும் கழிப்பறையைப் பயன்படுத்துவதும் லட்சக்கணக்கானோர். பானையில் எண்ணுவது 5,366 தலை.

இதை ஈடுகட்ட மாநிலம் ஒரு வழி வைத்திருக்கிறது: விடுதி ஊர்களுக்கான கூடுதல் விற்பனை வரி. யார் அதை வசூலிக்கலாம்? வெளியாட்கள் தங்கக்கூடிய இடம், நிரந்தர மக்கள்தொகையில் குறைந்தது 66 விழுக்காடு இருக்க வேண்டும். மோவாப் கணக்குக்குச் சுமார் 3,540 பேர் படுக்க இடம் இருந்தால்தான் அந்த வரி. அதாவது, ஊர் தன் தெருவிளக்குக்கு வழி தேட வேண்டுமானால் முதலில் லாட்ஜ் கட்ட விட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நிரந்தரமாக ஆட்கள் குடியேறினால் இந்த விகிதம் குறையும் என்பது இதில் உள்ள வேடிக்கை.

அடுத்தது அறை வரி. நீண்ட காலம் கவுன்டி வசூலித்தது 4.25 விழுக்காடு. 200 டாலர் அறைக்கு 8.50 டாலர். அதில் முதல் 3 விழுக்காட்டில் மூன்றில் இரண்டு பங்கைச் சுற்றுலா விளம்பரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டம் கட்டிப்போட்டிருந்தது. அந்த அறைக்கு அது 4 டாலர். வசூலில் 47 விழுக்காடு. மீதி 4.50 டாலரில்தான் குப்பை, மீட்புப்படை, ஆம்புலன்ஸ் எல்லாம். கூட்டம் தாங்கவில்லை என்று ஊர் புலம்பும் ஆண்டிலும் கூட்டம் சேர்க்கும் விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்கியாக வேண்டும். கூட்டம் கூடினால் வசூல் கூடும், வசூல் கூடினால் விளம்பரம் கூடும். பல ஆண்டு முட்டி மோதியபின் இந்தக் கட்டு தளர்ந்து, பொருளாதாரத்தை வேறு வழிகளில் பரப்பவும் அந்தப் பணத்தில் ஒரு பகுதியைச் செலவிட வழி பிறந்தது.

சொத்துவரி? 1990களின் தொடக்கத்திலிருந்து சுமார் 30 ஆண்டுகள் மோவாப் நகராட்சி சொத்துவரியே வசூலிக்கவில்லை. பயணிகள் கட்டும் வரியே போதும் என்ற நம்பிக்கை. 2020 மார்ச்சில் அந்த நம்பிக்கைக்குச் சோதனை வந்தது. ஊர் மருத்துவமனையில் இருப்பது 17 படுக்கை, தீவிர சிகிச்சைப் பிரிவு கிடையாது. கொரோனா பரவத் தொடங்கியபோதும் வாரக் கடைசிக்குக் கார்கள் வந்துகொண்டிருந்தன. சுகாதாரத் துறை வெளியூர்க்காரர்களுக்கு அறை கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அறை மூடிய அன்றே நகராட்சியின் வருமானமும் மூடியது. 2022ல் சொத்துவரி திரும்பி வந்தது. அதற்கு நடந்த கூட்டங்களில் சண்டை பலமாகத்தான் இருந்தது.

படுக்கையின் மறுபக்கம் வீடு. சமதளம் சிறியது, தனியார் நிலம் அதிலும் சிறியது. அந்த நிலத்தில் ஒருவர் லாட்ஜ் கட்டலாம், வாரக் கடைசி வாடகைக்கு விடும் வீடு கட்டலாம், இல்லை ஆண்டு வாடகைக்கு விடும் வீடு கட்டலாம். இரவு 200 டாலர் கிடைக்கும் இடத்தில் யார் மாத வாடகைக்கு விடுவார்? மாதம் 15 இரவு நிறைந்தால் 3,000 டாலர். அறையைச் சுத்தம் செய்பவர், சைக்கிள் பழுது பார்ப்பவர், படகு ஓட்டுபவர் யாருக்கும் அந்த வாடகை கட்டுப்படியாகாது. அவர்கள் வேனில் படுக்கிறார்கள், பி.எல்.எம். நிலத்தில் கூடாரம் போடுகிறார்கள், அல்லது நாலைந்து பேர் சேர்ந்து ஓர் அறையில். பருவமும் சேர்ந்து படுத்தும்: மார்ச் முதல் மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஆள் போதாது, ஜனவரியில் உணவகங்களில் பாதி பூட்டிக் கிடக்கும். சம்பளம் எட்டு ஒன்பது மாதம், வாடகை பன்னிரண்டு மாதம். ஆசிரியரும் செவிலியரும்கூட வேலையை ஏற்றுக்கொண்டு, வீடு கிடைக்காமல் திரும்பிப் போகும் கட்டம் வந்துவிட்டது.

ஊர் என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம். இதே பாதையில் வரும் ஊர்களுக்கு உபயோகப்படும் பகுதி இதுதான்.

குடியிருப்புப் பகுதிகளில் குறுகிய கால வாடகைக்குத் தடை. இது பழைய விதி. அமல்படுத்த ஆள் வைத்து, இணைய விளம்பரங்களைத் துழாவிப் பிடித்தால்தான் விதிக்கு மதிப்பு. 2019 பிப்ரவரியில் நகரமும் கவுன்டியும் புதிய விடுதிகளுக்குத் தற்காலிகத் தடை போட்டன. பிறகு, எந்த மண்டலத்திலும் கேட்டவுடன் விடுதி கட்டலாம் என்ற உரிமையையே எடுத்துவிட்டன. தாமதம்தான். முன்பே அனுமதி வாங்கியவை சட்டப்படி கட்டப்பட்டன. தடை போட்ட பிறகும் ஊருக்குள் புது விடுதிகள் திறந்துகொண்டிருந்ததைப் பார்த்து, தடை எங்கே போயிற்று என்று ஜனங்கள் கேட்டார்கள். மண்டல விதி நாளைக்குக் கட்டப்போவதைத்தான் தடுக்கும், நேற்றுக் கையெழுத்தானதைத் தடுக்காது. கூட்டம் வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை.

அதே 2019ல் கவுன்டி ஒரு புதுமை செய்தது. சில இடங்களில் நெருக்கமாக வீடு கட்டிக்கொள்ள அனுமதி, பதிலுக்கு 80 விழுக்காடு வீடுகள் உள்ளூரில் வேலை செய்யும் குடும்பங்களுக்கு மட்டும். வருமான உச்சவரம்பு வைக்கவில்லை. வரம்பு வைத்தால் இரண்டு வேலை பார்க்கும் தம்பதி தாண்டிவிடுவார்கள். விடுமுறை வீடு தேடும் வெளியூர்ப் பணக்காரரைத் தள்ளிவைக்க 'இங்கே வேலை செய்கிறாயா' என்ற ஒரு கேள்வி போதும். நிபந்தனை பத்திரத்திலேயே ஏறிவிடுவதால் வீடு கைமாறினாலும் கூடவே போகும்.

வீட்டு வசதி ஆணையம் நடத்தும் கூட்டுச் சுயஉதவித் திட்டம் இன்னொன்று. மத்திய வேளாண் துறையின் கடன். நாலைந்து குடும்பங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, கட்டுமான உழைப்பில் 65 விழுக்காட்டைத் தாங்களே செய்ய வேண்டும். வாரக் கடைசியிலும் வேலை முடிந்த மாலையிலும் மரச்சட்டம் அடிப்பது, பெயின்ட் அடிப்பது, ஓடு பதிப்பது. எல்லார் வீடும் முடியும்வரை யாரும் குடிபோக முடியாது. அதனால் தன் வீட்டை மட்டும் அவசரமாக முடித்துக்கொண்டு நழுவ வழியில்லை. மெதுவான திட்டம். ஆனால் இதில் வீடு கட்டியவர்கள் ஊரில் தங்குகிறார்கள்.

தெற்கே ஸ்பானிஷ் வேலியில் தானமாக வந்த சுமார் 41 ஏக்கரில் ஓர் உள்ளூர் நில அறக்கட்டளை 300 வீடுகள்வரை திட்டமிட்டு அரோயோ கிராசிங் என்ற குடியிருப்பைக் கட்டுகிறது. அறக்கட்டளை நிலத்தை விற்பதே இல்லை. நீண்ட குத்தகைக்கு விட்டு, மேலே உள்ள வீட்டை மட்டும் விற்கிறது. மனையின் விலை எவ்வளவு ஏறினாலும் வீட்டின் விலையில் அது சேராது. இவற்றுள் நிலைக்கப்போவது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். விதியை அடுத்த நகர மன்றம் மாற்றலாம், குத்தகைப் பத்திரத்தை மாற்றுவது கடினம்.

கூட்டத்துக்கு வருவோம். 2013ல் மாநில அரசு தன் ஐந்து தேசியப் பூங்காக்களையும் சேர்த்து 'மைட்டி ஃபைவ்' என்று பெரிய விளம்பரம் செய்தது. அந்த ஆண்டு ஆர்ச்சஸுக்கு வந்தவர்கள் சுமார் 10.8 லட்சம், 2015ல் 14 லட்சம். அந்த மே மாதத்து விடுமுறை வாரக் கடைசியில் கார் வரிசை நெடுஞ்சாலைவரை நீண்டு, போலீஸ் வாசலை மூட வேண்டியதாயிற்று. பூங்காவுக்குள் ஒரே சாலை, சுமார் 29 கி.மீ., போன வழியே திரும்ப வேண்டும். வண்டி நிறுத்தும் இடம் நிறைந்துவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. 2021ல் நூறு தடவைக்கு மேல் வாசலை மூடினார்கள். திருப்பி அனுப்பப்பட்ட கார்கள் பக்கத்தில் உள்ள பி.எல்.எம். நிலத்துக்குள் புகுந்தன, அங்கே கழிப்பறை கிடையாது, காவலரும் கிடையாது.

2022 ஏப்ரலில் நேர ஒதுக்கீடு வந்தது. இணையத்தில் 2 டாலர் கட்டி, எந்த மணிக்கு நுழைவேன் என்று முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஊட்டிக்கு இ-பாஸ் எடுத்தவர்களுக்குப் பழகிய ஏற்பாடுதான். அந்த ஆண்டு வருகை 14.6 லட்சமாகக் குறைந்தது. உள்ளே போனவர்களுக்கு நிம்மதி. ஊர்க் கடைக்காரர்களில் ஒரு சாரார் வியாபாரம் போயிற்று என்று எதிர்த்தார்கள். அவர்கள் சொல்வதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. முன்பதிவு கிடைக்காதவர் ஓர் இரவு கூடுதலாகத் தங்கிக் காத்திருக்க மாட்டார், வேறு ஊருக்குப் போய்விடுவார். அறை ஆளை நம்பி இருக்கும்வரை ஆளைக் குறைக்கும் எந்த முடிவும் யாரோ ஒருவரின் சம்பளத்தில் கைவைக்கும்.

கட்டணம் வசூலித்து அங்கேயே செலவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் இங்கே பாடம் இருக்கிறது. ஸ்லிக்ராக் பாதை இருக்கும் சாண்ட் ஃபிளாட்ஸ் மேட்டுப் பகுதியில் 1990களின் தொடக்கத்தில் கூட்டமும் குடியும் கட்டுக்கடங்காமல் போயின. கவுன்டியும் பி.எல்.எம்.மும் ஒப்பந்தம் போட்டு, வாசலில் காருக்குக் கட்டணம் வைத்தார்கள். பணம் வாஷிங்டன் போகாமல் கழிப்பறை, கூடார இடம், வேலி, காவல் என்று அந்த மேட்டிலேயே செலவாகிறது. இன்றும் நன்றாக நடக்கும் ஏற்பாடு. இதை வேறு இடங்களுக்கு ஏன் விரிக்கவில்லை என்றால், சாண்ட் ஃபிளாட்ஸுக்குப் போக ஒரே சாலை. வாசல் வைக்க முடிந்தது. மற்ற பி.எல்.எம். நிலத்துக்கு நூறு வழி.

கழிப்பறை என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், இந்தத் தொழிலில் அதுதான் அடிப்படைக் கட்டுமானம். பாலைவன மண்ணில் கழிவு மட்காது. ஆற்றில் பல நாள் படகுப் பயணம் போகிறவர்கள் மனிதக் கழிவைப் பெட்டியில் அடைத்துத் திரும்பக் கொண்டுவந்தே ஆக வேண்டும். அந்தப் பெட்டிக்கு 'கோடு போடுவது' என்று பொருள்படும் பட்டப்பெயர்: முன்பு ராணுவ வெடிமருந்துப் பெட்டியையே பயன்படுத்தினார்கள், உட்கார்ந்து எழுந்தால் பின்புறத்தில் இரண்டு கோடு பதியும்.

மீட்புப் பணி கவுன்டியின் காவல் தலைவரான ஷெரிஃபின் பொறுப்பு. செய்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். பாறையில் மாட்டியவர், வெயிலில் சுருண்டவர், இடுப்பு முறிந்தவர் என்று மாநிலத்திலேயே அதிக அழைப்புகள் வரும் படைகளில் கிராண்ட் கவுன்டிப் படையும் ஒன்று. மாநிலம் ஆண்டுக்கு 25 டாலருக்கு ஒரு மீட்பு அட்டை விற்கிறது; அதை வைத்திருப்பவரிடம் மீட்புச் செலவு கேட்க மாட்டார்கள்.

எல்லாக் கூட்டமும் ஒரே கூட்டம் அல்ல என்பது கடைசியாகத் தெரிந்த உண்மை. நாலு பேர்வரை உட்கார்ந்து கரடுமுரடான தடங்களில் ஓட்டும் யூடிவி வண்டிகள் பெருகியபின் ஊர்த் தெருவில் காலை முதல் இரவுவரை இரைச்சல். யூட்டா சட்டப்படி அவை சாலையில் ஓடலாம். ஒரு நகராட்சி தனியாகத் தடுக்க முடியாது. 2021ல் நகரமும் கவுன்டியும் டெசிபல் அளவு வைத்து ஒலி விதி கொண்டுவந்தன. வாடகை வண்டிக் கடைகள் நீதிமன்றம் போயின. 2023 செப்டம்பரில் பி.எல்.எம். ஊருக்கு வடமேற்கே உள்ள லேபிரிந்த் ரிம்ஸ் பகுதியில் 1,128 மைல் தடங்களில் 317 மைலை மோட்டார் வண்டிகளுக்கு மூடியது. அதற்கும் வழக்கு. அமைதி தேடி வருபவரும் என்ஜின் சத்தத்தை ரசிக்க வருபவரும் ஒரே விடுதியில் அடுத்தடுத்த அறையில் தங்குகிறார்கள். இருவர் கட்டும் அறை வரியும் ஒன்றுதான். எந்தக் கூட்டத்தை அழைப்பது என்று ஊர் முடிவெடுக்காமல் விட்டால், அதிகம் செலவழிக்கும் கூட்டம் தானே முடிவெடுத்துக்கொள்ளும்.

இதற்கிடையே பழைய செழிப்பின் கழிவு இப்போதுதான் ஊரைவிட்டு விலகுகிறது. யுரேனிய ஆலை விட்டுச்சென்ற 1.6 கோடி டன் கதிரியக்க மண் ஆற்றிலிருந்து சுமார் 230 மீட்டரில் மலைபோலக் கிடந்தது. ஆலை நடத்திய நிறுவனம் 1998ல் திவாலானது. 2001ல் மத்திய எரிசக்தித் துறை பொறுப்பேற்றது. 2009ல் அந்த மண்ணை மூடிய பெட்டிகளில் ரயிலேற்றி, 48 கி.மீ. வடக்கே கிரசன்ட் ஜங்ஷனில் வெட்டிய குழியில் புதைக்கத் தொடங்கினார்கள். அடியில் உள்ள நிலத்தடி நீரில் கலந்த அம்மோனியா ஆற்று மீன்களுக்கு ஆகாது என்பதால் கிணறுகள் போட்டு இறைப்பதும் நடக்கிறது. இடம் மொத்தம் 480 ஏக்கர். ஆற்றங்கரை, நெடுஞ்சாலை ஓரம், பூங்கா வாசலுக்கும் ஊருக்கும் நடுவில். மோவாப்பில் இவ்வளவு பெரிய சமதளம் வேறெங்கும் காலியாக வரப்போவதில்லை. அதில் என்ன வர வேண்டும் என்று ஊரில் கூட்டம் போட்டுப் படம் வரைந்து வைத்திருக்கிறார்கள்.